இரண்டு சிறு கோடுகள்: ஒரு கமாண்டர் திரைக்கு உரை

நிக்கான் டி7000 கேமராவின் கஸ்டம் செட்டிங் மெனுவில் இ3 என்று ஒரு பக்கம் இருக்கிறது. கேமராவின் தலையில் மடங்கிக் கிடக்கும் சின்ன ஃபிளாஷ் என்ன வேலை செய்ய வேண்டும் என்பது அங்கேதான் முடிவாகிறது. நான்கு தேர்வுகள்: டிடிஎல், எம், ஆர்பிடி, சிஎம்டி. முதல் மூன்றில் அந்த ஃபிளாஷ் தானே வெளிச்சம் போடும். நான்காவது கமாண்டர் மோட். அதைத் தேர்ந்து வலது அம்பை அழுத்தினால் நான்கு வரிகள் கொண்ட ஒரு திரை வரும். கேமராவை விட்டுத் தள்ளி, ஸ்டாண்டிலோ தரையிலோ நிற்கும் ஃபிளாஷ்களை ஒரு கம்பியும் இல்லாமல் ஆட்டிவைப்பது அந்த நான்கு வரிகள்தான்.

அவற்றுக்குத்தான் இங்கே உரை எழுதுகிறேன். மெனுத் திரைக்கு உரையா என்று தோன்றலாம். சூத்திரம் சுருங்கச் சுருங்க உரை நீளும் என்பது நமக்குப் பழகிய சங்கதி. இந்தத் திரையிலோ எழுத்தை விடக் குறிகளே அதிகம். எந்தக் குறி என்ன செய்யும் என்று கையேடு சொல்லிவிடுகிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்பதை அது விளக்குவதில்லை. அந்த ஏன் பிடிபட்டுவிட்டால் மனப்பாடம் செய்ய ஒன்றுமே மிஞ்சாது. இந்த முறையின் எல்லா விதிகளும் எல்லாக் கோளாறுகளும் ஒரே உண்மையிலிருந்து பிறக்கின்றன: கேமரா தன் கட்டளையை வெளிச்சத்தால் சொல்கிறது. வெளிச்சம் எட்டும் இடத்துக்குக் கட்டளை எட்டும். வெளிச்சம் தோற்கும் இடத்தில் கட்டளையும் தோற்கும்.

டி7000 வந்தது 2010இல். பழைய கேமராக்கள் விற்கும் கடைகளில் இன்றும் கைமாறுகிறது என்பதால் அதை எடுத்துக்கொண்டேன். சிறு மாற்றங்களோடு இதே திரை டி90, டி300, டி700, டி7100, டி7200, டி750, டி810 ஆகியவற்றிலும் உண்டு. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் மேலெழும் ஃபிளாஷ் இருந்தாலும் இந்தத் திரை கிடையாது. பழையது வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிக்கான் தன் கிரியேட்டிவ் லைட்டிங் சிஸ்டத்தை 2003இல் எஸ்பி-800 ஃபிளாஷோடு கொண்டுவந்தது. மறு ஆண்டு வந்த டி70, தன் சொந்த ஃபிளாஷாலேயே வெளி ஃபிளாஷ்களின் ஒரு குழுவுக்குக் கட்டளையிட்டது. 2005இன் டி200இல் அது இரண்டு குழுவானது. இந்த யோசனையின் மூத்த பிள்ளை மினோல்டா. 1990களின் தொடக்கத்திலேயே அந்த நிறுவனம் இதைச் செய்துகாட்டிவிட்டது. கேனான் தன் கேமராவின் உள் ஃபிளாஷுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுக்க 2009இல் 7டி வரும்வரை காத்திருந்தது.

இனி மூலம். திரையில் நிரப்பியிருக்கும் மதிப்புகள் ஒரு குறிப்பிட்ட படத்துக்கானவை. மாலை இருட்டும் நேரம். ஒரு பாட்டி திண்ணையில் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடப்பக்கம், ஒன்றரை மீட்டர் தூரத்தில், வெள்ளைக் குடைக்குள் ஒரு ஃபிளாஷ். அவர் முதுகுக்குப் பின்னால் தரையில், சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தபடி இன்னொன்று.

உள் ஃபிளாஷ்: – –
குரூப் ஏ: டிடிஎல், +0.3
குரூப் பி: எம், 1/16
சேனல்: 3

உள் ஃபிளாஷ்: – –

இந்த வரிக்கு மூன்று தேர்வுகள்: டிடிஎல், எம், இரண்டு சிறு கோடுகள். கோடுகளுக்கு அர்த்தம், படத்துக்கு நீ வெளிச்சம் தர வேண்டாம் என்பது. இந்தத் திரையின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

அந்தச் சின்ன ஃபிளாஷ் வெளிச்சமாக எவ்வளவு மோசம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். டி7000இல் அதன் கைடு நம்பர், அதாவது தூரத்தையும் அபர்ச்சர் எண்ணையும் பெருக்கினால் வரும் அளவு, ஐஎஸ்ஓ 100இல் ஏறத்தாழ 12. அபர்ச்சரை எஃப் 4இல் வைத்தால் மூன்று மீட்டர் வரைதான் தாங்கும். வலிமைக் குறைவு கூடப் பெரிய குறையல்ல. ஐஎஸ்ஓவை ஏற்றிச் சமாளித்துவிடலாம். அது நிற்கும் இடம்தான் தீராத குறை. லென்சுக்குச் சில அங்குலம் மேலே, லென்ஸ் பார்க்கும் அதே திசையில் நிற்கிறது. பார்க்கிற கண்ணும் படுகிற வெளிச்சமும் ஒரே இடத்திலிருந்து வந்தால் நிழல் எல்லாம் பொருளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாத முகத்தில் கன்னம் எங்கே மேடு, கண் எங்கே குழி என்று தெரியாது. பாட்டியின் முகத்தில் எழுபது ஆண்டுகள் வரைந்த கோடுகள் அத்தனையும் அழிந்து, தட்டையான ஒரு வெள்ளைப் பரப்பு மிஞ்சும். சுவரில் மட்டும் காதோரம் ஒரு கறுத்த நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆனால் வெளிச்சமாகத் தோற்ற அதே ஃபிளாஷ், தூதனாகச் சிறந்து நிற்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை; அவர் விசிலுக்குத்தான் வண்டி நிற்கிறது, நகர்கிறது. உள் ஃபிளாஷும் அப்படித்தான். படத்தில் அதன் பங்கு எதுவும் இல்லாமலே படம் முழுவதும் அதன் சொற்படி நடக்கிறது.

எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஷட்டரை முழுக்க அழுத்துகிறோம். கேமராவின் உள் கண்ணாடி இன்னும் கீழேதான் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கும் சென்சார் மேலே, வியூஃபைண்டர் பக்கம் இருப்பதால், கண்ணாடி எழும்புவதற்குள் அளவு வேலை முடிந்தாக வேண்டும். உள் ஃபிளாஷ் மிக வேகமான சிறு துடிப்புகளை விடுகிறது. துடிப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளிகள்தான் மொழி. மூன்றாம் சேனலில் இருக்கும் குரூப் ஏ, ஒரு சோதனை வெளிச்சம் காட்டு என்பது முதல் செய்தி. குடைக்குள் இருக்கும் ஃபிளாஷ் சன்னமாக ஒருமுறை வெடிக்கிறது, கேமரா அளந்துகொள்கிறது. டிடிஎல்லில் இன்னொரு குழுவும் இருந்தால் அதற்கும் இதே விசாரணை. எவ்வளவு வெளிச்சம் தேவை என்று கணக்குப் போட்டபின், யார் எவ்வளவு பலத்தில் எரிய வேண்டும் என்ற உத்தரவு போகிறது. அதன்பிறகே கண்ணாடி எழும்புகிறது, ஷட்டர் திறக்கிறது. கடைசியாக ஒரே ஒரு துடிப்பு: இப்போது. எல்லா ஃபிளாஷும் சேர்ந்து எரிகின்றன. இவ்வளவும் நம் கண்ணுக்கு ஒரே மின்னலாகத்தான் தெரியும்.

சிலருடைய இமை மட்டும் நம் கண்ணை விட வேகமானது. முதல் துடிப்புக்கே மூடத் தொடங்கி, உண்மையான வெளிச்சம் வரும்போது முழுதாக மூடியிருக்கும். ஒரே ஆள் படத்துக்குப் படம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அவர்மேல் குற்றம் இல்லை. இந்த முன்துடிப்புகள்தான் காரணம். இதற்கு எஃப்வி லாக் என்ற வசதி இருக்கிறது. எஃப்என் பட்டனை அதற்கு ஒதுக்கி ஒருமுறை அழுத்தினால் சோதனையும் அளவும் அப்போதே முடிந்துவிடும். அவர் இமைத்து முடிக்கட்டும். அளவு கேமராவின் நினைவில் இருக்கும்; பிறகு படம் எடுக்கலாம். சின்னக் குழந்தைகளையும் பூனைகளையும் எடுப்பவர்களுக்கு இதைவிட உதவியான பட்டன் அந்தக் கேமராவில் இல்லை.

கோடுகள் போட்டபின் உள் ஃபிளாஷ் படத்தில் அடியோடு தெரியாமல் போய்விடுமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. போகாது. ‘இப்போது’ என்று சொல்லும் அந்தக் கடைசித் துடிப்பு, ஷட்டர் திறந்திருக்கையில்தான் வருகிறது. பாட்டியின் படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிக் கருவிழியைப் பாருங்கள். கருவிழியின் மேல் ஓரம், குடை இருக்கும் பக்கமாக, ஒரு பெரிய வெண்மை மின்னும். கூர்ந்து பார்த்தால் குடையின் கம்பிகள் கூடத் தெரியும். விழியின் நடுப்பக்கம், ஊசி முனை அளவுக்கு இன்னொரு வெண்புள்ளி. அது தூதன் விட்டுப்போன தடம். மூக்குக் கண்ணாடி, மூக்குத்தி, பளபளக்கும் பித்தளைக் குத்துவிளக்கு எதிரே இருந்தால் அதிலும் அந்தப் புள்ளி பதியும். கிட்டத்தில் நின்று, அபர்ச்சரை அகலத் திறந்து, ஐஎஸ்ஓவை ஏற்றி எடுக்கும்போது அது இன்னும் தூக்கலாகத் தெரியும்.

நிக்கானின் கையேடே இதற்கு வழி சொல்கிறது. ஐஎஸ்ஓவைக் குறை, அல்லது அபர்ச்சரைச் சுருக்கு. இரண்டும் முடியாதபோது எஸ்ஜி-3ஐஆர் என்ற சிறு தகட்டை ஹாட் ஷூவில் செருகி உள் ஃபிளாஷுக்கு முன்னால் நிறுத்தலாம். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் வெளியே விடும். வெளி ஃபிளாஷ்களின் சென்சாருக்கு அகச்சிவப்பு போதும், எனவே கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். படத்தில் புள்ளி விழாது. பின்திரை ஒத்திசைவில், அதாவது ரியர் கர்ட்டன் சிங்கில், இந்தத் துடிப்பு இன்னும் பிரகாசமாக இருக்கும் என்பதால் தகடு கட்டாயம் என்றே சொல்லலாம். நகை, பாத்திரம், கண்ணாடிப் பொருள் எடுப்பவர்கள் கோடுகளை மட்டும் நம்பி இருக்காமல் தகட்டையும் வாங்கிவிடுவது நல்லது. முகம் எடுப்பவர்களுக்கு அந்த ஊசிமுனைப் புள்ளியால் பெரிய நட்டம் இல்லை.

குரூப் ஏ: டிடிஎல், +0.3

குரூப் என்பது ஃபிளாஷ்களின் குழு. ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிபவை எல்லாம் ஒரு குரூப். குரூப் ஏவில் ஒரு ஃபிளாஷும் இருக்கலாம், மூன்றும் இருக்கலாம். எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் எல்லாம் சேர்த்து மூன்றுதான் நடைமுறைக்கு உகந்தது என்று கையேடு சொல்கிறது. காரணம் அதே மூல உண்மை. கட்டளை வெளிச்சமாக இருக்கும் இடத்தில் வெளி ஃபிளாஷ்களின் வெளிச்சமும் ஒருவகைக் கூச்சல்தான். அது கூடக்கூடக் கட்டளை காதில் விழாது.

டிடிஎல் என்றால் லென்ஸ் வழியாக வந்த வெளிச்சத்தை அளந்து கேமராவே பலத்தைத் தீர்மானிப்பது. முகத்துக்கான முக்கிய வெளிச்சத்தை இதில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பாட்டி அசைவார். பேச்சு சுவாரசியத்தில் குடையை நோக்கிச் சாய்வார், பின்னால் சரிவார். ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் தூரம் இரட்டித்தால் நான்கில் ஒன்றாகக் குறையும். ஒன்றரை மீட்டரில் இருப்பவர் அரை மீட்டர் முன்னால் சாய்ந்தாலே முகத்தில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். டிடிஎல் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளப்பதால் இதைத் தானே சரிசெய்துகொள்ளும்.

அந்த +0.3 கேமராவின் அளவைத் திருத்தும் இடம். கீழே மூன்று ஸ்டாப், மேலே மூன்று ஸ்டாப் வரை, மூன்றில் ஒரு பங்காக நகர்த்தலாம். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிக்கும், இறங்கினால் பாதியாகும். கேமராவுக்குப் பாட்டியைத் தெரியாது. சட்டத்துக்குள் எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு என்றுதான் தெரியும். வெள்ளைப் புடவை சட்டத்தில் பாதியை அடைத்திருந்தால், வெளிச்சம் நிறைய வந்துவிட்டது என்று எண்ணி ஃபிளாஷைத் தணித்துவிடும். முகம் இருண்டு போகும். அங்கே கூட்ட வேண்டும். கறுப்புக் கோட்டு போட்டவருக்கு எதிர்மாறாகக் குறைக்க வேண்டும். பின்னணியில் கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம் மாட்டியிருந்து, அதில் வெளி ஃபிளாஷ் நேராகப் பிரதிபலித்தால் கணக்கு அடியோடு தப்பும். அதற்கு எந்தத் திருத்தமும் உதவாது. ஃபிளாஷைத்தான் நகர்த்த வேண்டும்.

இந்த வரியில் ஏஏ என்றும் ஒரு தேர்வு இருக்கிறது. அது ஃபிளாஷே தன் உடம்பில் உள்ள கண்ணால் அளந்துகொள்ளும் முறை. எஸ்பி-800, எஸ்பி-900 போன்ற பெரிய ஃபிளாஷ்களில்தான் வேலை செய்யும், எஸ்பி-600இல் இல்லை. டிடிஎல் இருக்கும்போது இதன் தேவை அரிது.

குரூப் பி: எம், 1/16

சுவர் அசையாது. சுவருக்கும் ஃபிளாஷுக்கும் உள்ள தூரமும் மாறாது. மாறாத ஒன்றைப் படத்துக்குப் படம் அளந்துகொண்டிருப்பது வீண் வேலை, ஆபத்தும் கூட: பாட்டி கையை உயர்த்தினால் கேமராவின் கணக்கு மாறி, சுவரின் வெளிச்சமும் படத்துக்குப் படம் ஏறி இறங்கும். அதனால்தான் பின்னணிக்கு எம், அதாவது மேனுவல். 1/1 முழு பலம். அதிலிருந்து 1/2, 1/4, 1/8, 1/16 என்று ஒவ்வொரு படியும் முந்தையதில் பாதி. 1/16 முழு பலத்திலிருந்து நான்கு ஸ்டாப் கீழே. தரையில் இருப்பது எஸ்பி-600 என்றால், அதன் கைடு நம்பர் 35 மில்லிமீட்டர் ஜூமில் 30. நான்கு ஸ்டாப் இறங்கினால் அது நான்கில் ஒரு பங்காகி ஏழரை ஆகும். ஒரு மீட்டர் தூரத்துச் சுவரில் ஒரு வெள்ளை வட்டம் எழுப்ப அது தாராளம். குறைந்த பலத்தில் எரிவதால் ஃபிளாஷ் உடனுக்குடன் மறுபடி தயாராகும், பேட்டரியும் நாள் தாங்கும்.

புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டு குரூப்பையும் முதலில் எம்மில் வையுங்கள் என்பதே. டிடிஎல் தரும் முடிவு நன்றாக வந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாது. எம்மில் 1/16ஐ 1/8 ஆக்கினால் சுவர் ஒரு ஸ்டாப் வெளுக்கும், அவ்வளவுதான்; காரணமும் விளைவும் கண்முன்னே நிற்கும். ஷட்டர் வேகம் அறையின் வெளிச்சத்தை மாற்றும், ஃபிளாஷின் வெளிச்சத்தை மாற்றாது என்ற பாடம் எம்மில் ஒரே மாலையில் விளங்கிவிடும். டிடிஎல்லில் பழகுபவர்களுக்கு அது விளங்க வெகுநாள் பிடிக்கிறது. ஆள் அசையும் வேலைக்குப் போகும்போது டிடிஎல்லுக்கு மாறிக்கொள்ளலாம்.

இந்த வரியின் உண்மையான சுகம் வேறொன்று. சுவர் அதிகம் வெளுத்துவிட்டது என்று தெரிந்தால், எழுந்துபோய்ப் பாட்டிக்குப் பின்னால் குனிந்து ஃபிளாஷின் பட்டனை அமுக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே 1/16ஐ 1/32 ஆக்கலாம். பாட்டியின் கதை அறுபடாது. மனிதர்களை எடுக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு இல்லை. ஒவ்வொரு முறை போட்டோக்காரர் எழுந்து நடக்கும்போதும் எதிரே இருப்பவர், தான் படம் எடுக்கப்படுகிறோம் என்று மறுபடி நினைத்துக்கொள்கிறார், முகம் இறுகிவிடுகிறது. ஒளியமைப்பு முறை ஒன்றை எடைபோடும்போது அது எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று பார்ப்பதோடு, எவ்வளவு நேரம் நம்மை எதிரே இருப்பவரோடு உட்கார விடுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

குரூப் சி இந்தத் திரையில் இல்லை. உள் ஃபிளாஷுக்கு இரண்டு குழுவை ஆளும் அதிகாரம்தான் உண்டு. மூன்றாவது வேண்டுமென்றால் எஸ்பி-800, எஸ்பி-900 போன்ற ஒன்றையோ, கட்டளை மட்டும் அனுப்பும் எஸ்யு-800ஐயோ ஹாட் ஷூவில் மாட்ட வேண்டும். பெரும்பாலான முகப் படங்களுக்கு இரண்டு குழுவே போதும்.

சேனல்: 3

ஒன்று முதல் நான்கு வரை. கேமராவில் எந்த எண்ணோ அதே எண் ஒவ்வொரு ஃபிளாஷிலும் இருக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டாருக்கு ஒருவர், மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒருவர் என இரண்டு போட்டோக்காரர்கள், இருவர் கையிலும் ஒரே சேனலில் வைத்த நிக்கான் என்றால், ஒருவர் ஷட்டருக்கு இன்னொருவர் ஃபிளாஷ் எரியும். தாலி கட்டும் நேரத்தில் உங்கள் ஃபிளாஷ் அவருக்காக எரிந்து, உங்களுக்குத் தேவைப்படும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். காலையிலேயே பேசி ஆளுக்கொரு சேனல் வைத்துக்கொள்வது மரியாதை.

திரையில் இல்லாத வரிகள்

நான்கு வரியும் சரியாக இருந்தும் ஃபிளாஷ் எரியாமல் போகலாம். அதற்கான காரணங்கள் திரையில் இல்லை.

முதலாவது, உள் ஃபிளாஷ் எழுந்து நிற்க வேண்டும். கோடுகள் போட்டுவிட்டோமே, அது எதற்கு என்று மடக்கியே வைத்திருப்பவர்கள் உண்டு. மடங்கிய ஃபிளாஷால் பேச முடியாது. நீளமான லென்ஸ் ஹூட் அதன் வெளிச்சத்தை மறித்தாலும் கட்டளை கீழ்ப்பக்கம் போகாது.

இரண்டாவது, வெளி ஃபிளாஷை ரிமோட் நிலையில் வைக்க வேண்டும். எஸ்பி-700, எஸ்பி-900, எஸ்பி-910 ஆகியவற்றில் ஆன்-ஆஃப் சுவிட்சிலேயே ரிமோட் என்று ஒரு நிலை இருக்கிறது. எஸ்பி-600இல் ஜூம் பட்டனையும் கழித்தல் பட்டனையும் சேர்த்து இரண்டு நொடி அழுத்தி உள்மெனுவுக்குள் போக வேண்டும். வளைந்து நெளிந்த அம்புக்குறி வரும், அதை ஆன் செய்ய வேண்டும். குரூப்பையும் சேனலையும் அந்த ஃபிளாஷிலேயே ஒருமுறை குறித்துவிட வேண்டும்.

மூன்றாவதுதான் மிக அதிகமாகத் தவறுவது: காது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. எஸ்பி-600, எஸ்பி-800, எஸ்பி-700 போன்றவற்றில் கட்டளையைக் கேட்கும் சென்சார் முன்பக்கத்தில் இல்லை. உடம்பின் பக்கவாட்டில், கறுத்த ஒரு சிறு சன்னலுக்குள் இருக்கிறது. அந்தச் சன்னல் கேமராவைப் பார்க்க வேண்டும். அப்படித் திருப்பினால் ஃபிளாஷின் தலை வேறெங்கோ பார்க்கும். கவலை வேண்டாம், தலை தனியாகச் சுழலும் என்பது இங்கே கைகொடுக்கும். உடம்பைக் கேமராவுக்குக் காட்டு, தலையைப் பாட்டிக்குத் திருப்பு. குடைக்குள் மாட்டும்போது சன்னல் குடைத் துணிக்கும் கம்பிக்கும் பின்னால் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. கேமராவுக்கு நேர் எதிரே ஏறத்தாழ 10 மீட்டர், பக்கவாட்டில் சரியச் சரிய 5 மீட்டர். இது திறந்த வெளிக்கான கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த அறைக்குள் கதையே வேறு. சுவரும் கூரையும் கட்டளையை வாங்கி வாங்கித் திருப்பி அனுப்பும். பாட்டிக்குப் பின்னால் தரையில் கிடக்கும் ஃபிளாஷுக்குக் கேமரா கண்ணிலேயே படவில்லை. ஆனாலும் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் துடிப்புகளைக் கேட்டுத் தவறாமல் எரிகிறது. அதே ஃபிளாஷை வெளியே வேப்பமரத்துக்குப் பின்னால் மறைத்து வைத்தால் கேட்காது.

வெயிலில் இந்த முறை தடுமாறும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு கொட்டிக் கிடப்பதால் அந்தச் சிறு துடிப்புகள் அதில் கரைந்துவிடுகின்றன. சன்னல் சூரியனைப் பார்க்காமல் திருப்பிவைப்பதும், அதற்கு மேலே ஒரு கறுப்பு அட்டையைக் கூரைபோல் ஒட்டுவதும் ஓரளவு உதவும். நடுப்பகலில், ஆளும் ஃபிளாஷும் தூரம் தூரமாக நிற்க வேண்டிய வேலை என்றால் ரேடியோ டிரிக்கர்தான் சரி. நிக்கானே 2016இல் எஸ்பி-5000 ஃபிளாஷோடு ரேடியோவுக்கு வந்தது. அதே ஆண்டின் டி500இல் உள் ஃபிளாஷ் கிடையாது. கோடாக்ஸ் போன்ற நிறுவனங்களின் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரிக்கர்கள் சுவரைத் தாண்டியும் பேசுகின்றன. அப்படிப்பட்ட வேலை வாய்த்தவர்கள் அவற்றை வாங்கட்டும். கையில் ஏற்கெனவே டி7000ம் பழைய எஸ்பி-600ம் வைத்திருப்பவர், வீட்டுக்குள் முகங்களை எடுக்கிறவர், அதற்காகக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை என்றுதான் நான் அழுத்திச் சொல்வேன்.

வேறு நிறுவனங்களின் மலிவான ஃபிளாஷ்கள் பற்றியும் ஒரு சொல். யோங்நுவோ ஒய்என்-560 போன்றவற்றில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு ஸ்லேவ் நிலைகள் உண்டு. இவற்றுக்குக் கமாண்டர் மொழி தெரியாது. எந்த மின்னலைக் கண்டாலும் எரிவது ஒன்றே தெரியும். கமாண்டர் மோடில் வைத்து எடுத்தால் எஸ்1இல் உள்ளது முதல் துடிப்புக்கே எரிந்து, ஷட்டர் திறக்கும்போது காலியாகி நிற்கும். எஸ்2 ஒரு முன்மின்னலைத் தாண்டிவிடும். ஆனால் கமாண்டரின் துடிப்புகள் பல என்பதால் அதையும் நம்ப முடியாது. இவற்றுக்குக் கமாண்டரே வேண்டாம். இ3இல் எம் என்பதைத் தேர்ந்து 1/128இல் வையுங்கள். மேனுவலில் முன்துடிப்பு இல்லை. ஒரே மின்னல், அதுவும் மிகச் சன்னம். எஸ்1இல் வைத்த ஃபிளாஷ்கள் அதைப் பார்த்து ஒன்றாக எரியும். பலத்தை மாற்ற மட்டும் ஒவ்வொன்றிடமும் நடந்துபோக வேண்டும்.

எல்லாம் வைத்து முடித்தபின், ஆளை உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடலாம். இ4இல் மாடலிங் ஃபிளாஷ் ஆனில் இருந்தால், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டெப்த்-ஆஃப்-ஃபீல்டு பிரிவியூ பட்டனை அழுத்தியதும் வெளி ஃபிளாஷ்கள் சிறிது நேரம் விடாமல் படபடக்கும். எது எரியவில்லையோ அதற்குக் கட்டளை கேட்கவில்லை, சன்னலைத் திருப்புங்கள். எரிந்தவை எங்கே நிழல் போடுகின்றன என்பதையும் அந்த நேரத்தில் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: ரிமோட் நிலையில் உள்ள ஃபிளாஷ் தானாக உறங்குவதில்லை, கட்டளைக்காக விழித்தே இருக்கும். காபி சாப்பிட எழும்போது ஒவ்வொன்றையும் கையால் அணைத்துவிட்டுப் போங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களில் நான்கு எப்போதும் பையில் மிச்சமாக இருக்கட்டும்.